நிறைமாத நடை

திருவண்ணாமலையைச் சுற்றி வரும் பாதை 14 கிலோமீட்டர். காலில் தெம்புள்ள ஆள் மூன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுவான். இவ்வளவு சின்னப் பாதைக்கு இத்தனை கல்மண்டபங்கள் எதற்கு என்ற கேள்வி என்னை நெடுநாள் குடைந்துகொண்டிருந்தது. நாலு தூண், எட்டுத் தூண், பதினாறு தூண் என்று வழிநெடுக நிற்கின்றன. சில இடங்களில் ஒரு மண்டபத்துத் திண்ணையில் உட்கார்ந்தால் அடுத்ததன் கூரை தெரியும். பலவற்றுக்கு எதிரே ஒரு குளம், படித்துறையோடு.

நான் வருவாய்த் துறையில் நில அளவராக இருந்து ஓய்வு பெற்றவன். செயின்மேனோடு சங்கிலி இழுத்து, கல் நட்டு, வரப்புச் சண்டையில் இரண்டு பக்கமும் வசவு வாங்கிய உத்தியோகம். அந்தப் பழக்கத்தில் எதைப் பார்த்தாலும் இதற்கும் அடுத்ததற்கும் எவ்வளவு தூரம் என்றுதான் மனம் முதலில் போகும். பழைய பெருவழிகளில் சத்திரங்கள் ஒரு பகல் நடைக்கு ஒன்றாக இருக்கும். சுமைதாங்கிக் கற்கள் அதைவிட நெருக்கமாக இருக்கும். தலைச்சுமையோடு போகிறவன் அவ்வளவு தூரம்தான் தாங்குவான். இந்த மலையைச் சுற்றி நடந்தவர்கள் தலையில் மூட்டை தூக்கவில்லை. அப்படியும் சுமைதாங்கிக் கணக்கில் மண்டபம் கட்டியிருக்கிறார்கள். ஆக, கட்டியவர்கள் மனத்தில் இருந்த நடை நாம் இன்று நடக்கும் நடை இல்லை.

அந்த நடை எது என்பதற்கு ஊரில் ஒரு பழைய பேச்சு உண்டு. நிறைமாதக் கர்ப்பிணியான மகாராணி நடப்பதுபோல நடக்க வேண்டும் என்பார்கள். அடுத்த அடி வைக்கும் ஓசை முந்தின அடிக்குக் கேட்கக் கூடாதாம். செருப்பு கூடாது. சாலையின் இடது ஓரமாகப் போக வேண்டும். மலையை ஒட்டிய வலப்பக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத சித்தர்களுக்கு விட்டுவிட வேண்டும். சித்தர் இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். அந்த விதியால் ஒரு லாபம் உண்டு. இடது ஓரத்தில் நடந்தால் மலை முழுசாகப் பார்வையில் இருக்கும். வலப்பக்கம் நெருங்கிவிட்டால் முன்னால் நிற்கிற புளியமரம்தான் தெரியும்.

மலை 2,668 அடி உயரம். சுற்றும்போது அது ஒரே மலையாக இருப்பதில்லை. கிழக்கே கோபுரத்துப் பக்கம் ஒற்றைச் சிகரம். போகப்போக இரண்டாகும், மூன்றாகும். குபேர லிங்கத்தருகே ஐந்து முகமாக விரியும்; பஞ்சமுக தரிசனம் என்று அங்கே நின்று கும்பிடுவார்கள். மெதுவாக நடந்தால்தான் ஒன்று இரண்டாகும் அந்த இடம் பிடிபடும். வேகமாகப் போகிறவனுக்குத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் வேறு ஒரு மலை நிற்கும். அளவைக்காரன் என்ற முறையில் நான் ரசிக்கிற இடம் அது. ஒரு பொருளைத் திசைக்குத் திசை நின்று பார்த்து அதன் வடிவத்தைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் தொழிலும்.

சைவ எல்லப்ப நாவலர் பாடிய அருணாசல புராணத்தில் வச்சிராங்கத பாண்டியன் கதை வரும். வேட்டைக்கு வந்த பாண்டியன் ஒரு புனுகுப்பூனையைக் குதிரைமேல் துரத்துகிறான். பூனை உயிர் தப்ப மலையைச் சுற்றி ஓடுகிறது. சுற்றி முடிந்ததும் பூனை விழுந்து செத்துப்போகிறது, குதிரையும் சரிகிறது. இரண்டும் சாபம் நீங்கி வித்தியாதரர்களாக எழுகின்றன. பாண்டியன் மட்டும் மண்ணில் கிடக்கிறான். நாங்கள் காலால் சுற்றினோம், நீ எங்கள்மேல் உட்கார்ந்துதானே வந்தாய் என்று அவை எடுத்துச் சொல்கின்றன. அதன் பிறகு அவன் அரசை மகனிடம் விட்டுவிட்டு மலையை நடந்தே சுற்றுகிறான். பக்தி, மந்திரம், எண்ணம் எதுவும் இல்லாமல், உயிருக்குப் பயந்து ஓடிய பூனைக்கே பலன் கிடைத்தது என்பதை எங்கள் ஊர் கிழவிகள் மிகுந்த திருப்தியோடு சொல்வார்கள். மனம் அடங்கவில்லையே என்று அழுகிறவனுக்கு இதைவிட ஆறுதலான கதை இருக்க முடியாது. மனம் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், கால் தரையில் பட்டால் போதும்.

சாமியே இந்தப் பாதையில் ஆண்டுக்கு இரண்டு முறை வலம் வருகிறார். கார்த்திகை தீபம் முடிந்த பிறகு ஒரு முறை, தை மாதம் திருவூடல் முடிந்த பிறகு ஒரு முறை. திருவூடல் மாட்டுப் பொங்கலன்று. அம்மன் ஊடிக்கொள்ள, அண்ணாமலையார் தனியாகக் கிளம்பிப் பிருங்கி முனிவருக்குக் காட்சி கொடுக்க மலையைச் சுற்றுவார். ஊர் ஊராக, மண்டகப்படி மண்டகப்படியாக நின்று, தீபாராதனை ஏற்று, பிறகுதான் அடுத்த இடம். சிறு வயதில் நான் அந்தப் புறப்பாட்டின் பின்னால் போயிருக்கிறேன். சாமி தூக்கிகள் தோள் மாற்றும்போதெல்லாம் கூட்டம் அப்படியே சாலையோரத்தில் குந்திவிடும். யாருக்கும் அவசரம் இருக்காது. மண்டபங்களின் இடைவெளி எனக்கு முதலில் புரிந்தது அந்த நாட்களில்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இந்த நிதான நடையைப் பற்றி விவரமாக நமக்குக் கிடைத்திருப்பதெல்லாம் ரமண மகரிஷி காலத்துச் செய்திகள். 1896 செப்டம்பர் 1 அன்று, பதினாறு வயதில், மதுரையிலிருந்து வந்து சேர்ந்தவர் அவர். கைக்காசு தீர்ந்து கொஞ்ச தூரம் நடந்து, காதுக் கடுக்கனை அடகு வைத்த காசில் கடைசித் தொலைவை ரயிலில் கடந்தார். கோயிலில் பாதாள லிங்கம், பிறகு குருமூர்த்தம், பவழக்குன்று என்று மாறி மாறி இருந்து, 1899 முதல் 1916 வரை விருபாட்சி குகையில் தங்கினார். அதற்குப் பிறகு கந்தாசிரமம். 1922இல் தாயார் அழகம்மாள் காலமானதும் மலையடிவாரத்துக்கு இறங்கினார். 1950 ஏப்ரல் 14 அன்று மறையும்வரை அங்கே எழுந்த ஆசிரமத்தில்தான்.

அவர் நடந்தது உட்கார்ந்து உட்கார்ந்து நடப்பது. இரவு உணவு முடித்துக் கிளம்பினால் திரும்ப விடியும். சில தடவை இரண்டு மூன்று நாள் ஆகும். கூட வந்தவர்கள் அரிசியும் பாத்திரமும் தூக்கி வந்து வழியில் மண்டபத்திலோ குளக்கரையிலோ அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். சாப்பிட்டு, படுத்து, எழுந்து, மறுபடி கொஞ்ச தூரம். 14 கிலோமீட்டருக்கு மூன்று நாள்! அந்த மண்டபத் திண்ணைகளில் இன்றும் அங்கங்கே கரிப்புகை அப்பியிருப்பதைப் பார்க்கிறேன். அது யார் மூட்டிய அடுப்பு என்று யாரால் சொல்ல முடியும்? பிச்சைக்காரனும் பண்டாரமும் மாடு மேய்க்கிறவனும் எல்லாரும்தான் அங்கே பொங்கித் தின்றார்கள்.

விருபாட்சி குகைக் காலத்தில் அவரோடிருந்த சாதுக்கள் ஊருக்குள் பிட்சைக்குப் போவார்கள். பாடிக்கொண்டு போக ஒரு பாட்டு வேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதில் பிறந்ததுதான் அட்சரமணமாலை. நூற்றெட்டுக் கண்ணிகள். அதில் ஒரு பகுதி மலையைச் சுற்றி நடந்துகொண்டிருக்கும்போதே வந்தது என்பார்கள். இன்று கச்சேரி மேடையிலும் ஒலிப்பதிவிலும் கேட்கிற அந்தப் பாட்டின் முதல் வேலை சோறு கேட்பது. எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம்.

எங்கள் துறைக்காரர் ஒருவரும் இந்தக் கதையில் வருகிறார். சிவப்பிரகாசம் பிள்ளை. தத்துவம் படித்தவர், தென்னார்க்காடு கலெக்டர் ஆபீசில் வருவாய்ப் பிரிவு உத்தியோகம். 1902 வாக்கில் ஆபீஸ் வேலையாகத் திருவண்ணாமலைக்கு வந்தவர், மலைமேல் ஒரு இளம் சாமியார் பேசாமல் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஏறிப் போனார். நான் யார் என்று கேள்வியைத் தொடங்கி அடுத்தடுத்துக் கேட்டார். பதில் வாய்வழியாக வரவில்லை. சைகையாலும், தரையிலும் பலகையிலும் எழுதியும் வந்தது. பிள்ளை அதைக் குறித்துவைத்தார். அந்தக் குறிப்புத்தான் இருபது வருஷம் கழித்து, 1923இல், ‘நான் யார்’ என்ற சிறு நூலாக அச்சானது. பயணப்படி வாங்கிக்கொண்டு வெளியூர் முகாம் போன குமாஸ்தாக்கள் எத்தனையோ பேர். முகாம் முடிந்ததும் சினிமா, ஓட்டல் என்று போனவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அறிக்கை எழுதிப் பழகிய கை ஆனதால்தானோ என்னவோ, அந்தக் கேள்வி பதில் இவ்வளவு சுருக்கமாக, ஒரு சொல் கூடாமல் குறையாமல் இருக்கிறது. பிள்ளை பின்னால் உத்தியோகத்தையும் விட்டுவிட்டார்.

ரமணரைப் பற்றிப் பேசுகிறவர்கள் வெள்ளைக்காரர்கள் வந்ததைப் பெரிதாகச் சொல்வார்கள். 1911இல் ஹம்ஃப்ரீஸ் என்ற போலீஸ் அதிகாரி வந்தார், 1931இல் பால் பிரண்டன் வந்தார், அவர் புத்தகம் 1934இல் வந்து உலகம் முழுக்கப் பேர் பரவியது. வாஸ்தவம்தான். ஆனால் எனக்கு எச்சம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். போளூர்ப் பக்கம் மண்டகொளத்தூர்க்காரி. இருபத்தைந்து வயதுக்குள் கணவன், மகன், மகள் மூவரையும் பறிகொடுத்தவள். துக்கம் தாங்காமல் சுற்றியலைந்து இங்கே வந்து, விருபாட்சி குகையில் ரமணர் முன்னால் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து ஊருக்குள் ஒரு வீட்டில் தங்கி, தினமும் சமைத்து, தூக்கில் எடுத்துக்கொண்டு மலையேறிப் போய் அவருக்குக் கொடுத்தாள். 1945இல் சாகும்வரை அந்த உணவு நிற்கவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்ததைவிட உலை வைத்து, வடித்து, படியேறிய நேரம்தான் அவள் வாழ்க்கையில் அதிகம் இருந்திருக்கும்.

அவளைப் பற்றி ஒரு கதை உண்டு. லட்சம் இலைகளால் அர்ச்சனை செய்வதாக நேர்ந்துகொண்டு பாதி செய்தாள். பிறகு மலையில் இலை கிடைக்கவில்லை. என்ன செய்வது என்று ரமணரிடம் கேட்டபோது, இலை கிடைக்காவிட்டால் உன்னையே கிள்ளிக்கொண்டு அர்ச்சனை செய்யேன் என்றாராம். வலிக்குமே என்றாள். செடிக்கு மட்டும் வலிக்காதா என்று கேட்டார். இதைச் செல்லமாகச் சொன்ன கண்டிப்பு என்பார்கள். எனக்கு இதில் தெரிவது வேறு. எண்ணிக்கையில் மாட்டிக்கொண்ட ஒரு மனசை அவர் ஒரே கேள்வியில் வெளியே இழுத்துவிட்டார். லட்சம், கோடி என்று கணக்கு வைப்பதில் பக்தர்களுக்குப் பெரிய ஆசை. நான் கணக்கு வைத்தே சம்பளம் வாங்கியவன் என்பதால் அந்த ஆசையை நன்றாக அறிவேன்.

1926 வாக்கில் ரமணர் வலம் வருவதை நிறுத்திவிட்டார். அவர் கிளம்பினால் எல்லாருமே கூடக் கிளம்பினார்கள், ஆசிரமத்தில் தங்க ஆளில்லை. கூட்டமும் பெருகியது. ஆனால் மற்றவர்களைப் போகச் சொல்வதை அவர் நிறுத்தவில்லை. தியானம் கைகூடவில்லை என்று வந்து முறையிட்டவர்களையும் மலையைச் சுற்றி வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

என் சிறு வயதில், அறுபதுகளில், வலம் வருவது செவ்வாய்க்கிழமை. புராணம் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு பலன் சொல்கிறது. செவ்வாய்க்குக் கடனும் வறுமையும் தீரும் என்பது. எங்கள் தெருவில் கடன் இல்லாதவர் யாரும் இருந்ததாக நினைவில்லை, ஆகவே செவ்வாய் நல்ல கிழமைதான். விடியற்காலம் மூன்று நாலு பெண்கள் சேர்ந்து கிளம்புவார்கள், ஒரு அரிக்கேன் விளக்கு, ஒரு தூக்கில் பழைய சோறு. தெருவிளக்கு கிடையாது. பாம்புக்குப் பயந்து தரையைத் தட்டிக்கொண்டே போவார்கள். கார்த்திகைத் தீபத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் கூட்டம் வரும். மற்றப் பௌர்ணமிகளில் பாதை சும்மா கிடக்கும்.

மாதாமாதம் பௌர்ணமி கூட்டம் என்பது எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் வளர்ந்தது. 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது, அதற்கேற்ற சாலை, பஸ் வசதி வந்தது. பத்திரிகைகள் எழுதின. சிறப்புப் பேருந்து, சிறப்பு ரயில், தார், சோடியம் விளக்கு, குடிநீர்க் குழாய். இப்போது ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருகிறவர்களின் தெலுங்குப் பேச்சுத்தான் பாதை முழுக்கக் கேட்கிறது. பாதையோரத்து எட்டு லிங்கங்களுக்கும் எட்டுப் பலன் என்று பலகை எழுதி வைத்திருக்கிறார்கள். குபேர லிங்கத்தில் வரிசை வளைந்து வளைந்து நிற்கும். சுடுகாட்டுப் பக்கம் இருக்கும் ஈசான்ய லிங்கத்தில் அவ்வளவு நிற்பதில்லை, காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கூட்டத்தைக் கேலி செய்வது ஊரில் படித்தவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. எனக்கு உடன்பாடில்லை. செவ்வாய்க்கிழமை காலை யாருக்கு ஓய்வு? வீட்டில் இருக்கும் பெண்களுக்கும், உத்தியோகத்தில் மேலே இருப்பவர்களுக்கும், என்னைப்போல் ஓய்வூதியக்காரர்களுக்கும். தினக்கூலிக்குப் போகிறவனுக்கும் தறி ஓட்டுகிறவனுக்கும் ராத்திரிதான் சொந்த நேரம். நிலா வெளிச்சம் இலவசம். அரிக்கேனுக்கு மண்ணெண்ணெய் வாங்க வேண்டாம். அவர்கள் வந்தது நியாயம். எனக்குக் குறை கூட்டத்தின் அளவில் இல்லை, வேகத்தில்தான். நேரம் பார்க்கிறார்கள். மூன்று மணி பத்து நிமிடம் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் கைக்கடிகாரத்தைக் காட்டி அடிகளின் எண்ணிக்கையைச் சொல்கிறார். எச்சம்மாளின் லட்சம் இலை இப்போது மணிக்கட்டில் ஏறிக்கொண்டது.

மண்டபங்களுக்கு நேர்ந்தது வேறு. சாலையைத் தார் போட்டுத் தார் போட்டு உயர்த்தியதில் சிலவற்றின் பாவுகல் சாலை மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. மழைத் தண்ணீர் உள்ளே நிற்கிறது. ஒரு காலத்தில் ஏறி உட்கார்ந்த திண்ணையில் இப்போது இறங்கி உட்கார வேண்டும். சிலவற்றில் சாதுக்கள் குடியிருக்கிறார்கள், சிலவற்றுக்கு முன்னால் டீக்கடைத் தட்டி. குளங்கள் 360 என்பது ஊர்க்கணக்கு. நான் சரிபார்க்கக் கிளம்பவில்லை. பதிவேட்டில் குளம் புறம்போக்கு என்று இருக்கும் சில இடங்களில் தண்ணீருக்கு அடையாளமாகக் கோரைப்புல்தான் நிற்கிறது. மலையை ஒட்டிய உள்வழியில் இருக்கும் மண்டபங்களையும் சுனைகளையும் பார்க்க இப்போது வழியில்லை. வனத்துறை சில ஆண்டுகளாக உள்ளே விடுவதில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. எண்பதுகளில் விறகுக்கும் புல்லுக்கும் வெட்டி, தீ வைத்து, மொட்டையாக நின்ற மலை அது. மரம் நட்டு வளர்த்து இப்போதுதான் பச்சை திரும்பியிருக்கிறது.

நான் செவ்வாய்க்கிழமைதான் போகிறேன். தினமும் ஒரு மணி நேரம் பத்மாசனத்தில் உட்காரச் சொல்லி ஒரு நண்பர் கட்டாயப்படுத்தினார். என் முழங்கால் அதற்கு ஒப்பவில்லை, மனசும்தான். உட்கார்ந்த உடனே பழைய வரப்புத் தகராறு ஒவ்வொன்றாக மனு எடுத்துக்கொண்டு வந்து நிற்கும். நடக்கும்போது அவை வரத்தான் செய்கின்றன, ஆனால் கால் ஒரு பக்கம் போய்க்கொண்டே இருப்பதால் எதுவும் நின்று வாதாட முடிவதில்லை. மண்டபம் வந்தால் உட்காருவேன். இது எனக்கு நானே போட்டுக்கொண்ட ஒரே விதி. களைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உட்கார வேண்டும். முதலில் வெட்கமாக இருந்தது. இப்போதுதானே உட்கார்ந்தோம், அதற்குள் மறுபடியுமா என்று. அக்கம்பக்கத்தில் டீ குடிப்பவர்கள் ஏதோ நெஞ்சுவலி என்று நினைத்து, “இன்னா சார், தண்ணி வேணுமா?” என்று ஓடி வருவார்கள். பழகிவிட்டது. கட்டினவனுக்கு நடை தெரிந்திருக்கிறது. மூன்றாவது நான்காவது மண்டபத்துக்கு மேல் எழுந்திருக்க வேண்டும் என்ற அவசரமே கழன்றுவிடுகிறது. தூணில் சாய்ந்து மலையைப் பார்த்தால், பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அந்த நிலைக்கு என்ன பேர் வைப்பது என்று படித்தவர்கள் சொல்லட்டும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு வேலை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பாதையில் நிற்கும் மண்டபங்களை எல்லாம் ஒரு படத்தில் குறிப்பது. தூண் எத்தனை, எந்தப் பக்கம் வாசல், எதிரே குளம் உண்டா, தண்ணீர் உண்டா, கூரை ஒழுகுகிறதா, தூணில் சிற்பம் என்ன, அங்கிருந்து மலை எத்தனை சிகரமாகத் தெரிகிறது. கடைசிப் பத்தியை எந்தப் பதிவேட்டிலும் சேர்க்க மாட்டார்கள், நான் சேர்த்திருக்கிறேன். அடி அண்ணாமலை தாண்டி வாயு லிங்கம் வரை முடிந்திருக்கிறது. அதற்கப்பால் பாக்கி. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் தேவை. இளைஞர்கள் யாராவது வருவதாக இருந்தால் செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்கு அக்னி லிங்கத்தருகே நிற்பேன். எட்டு லிங்கங்களில் அது ஒன்றுதான் மலைப்பக்கம் இருக்கிறது, தேட வேண்டியதில்லை. சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள். சாயங்காலம் ஆகிவிடும்.